வசூல் கணக்கில் வராத வீடுகள்

ஒரு படம் ஓடிற்றா, ஓடவில்லையா என்பதை அந்தக் காலத்தில் நாட்களால் அளந்தார்கள். ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா என்று சுவரொட்டி ஒட்டினார்கள். இப்போது கோடிகளால் அளக்கிறார்கள். படம் வெளியான மூன்றாம் நாளே ‘இத்தனை கோடி’ என்று விளம்பரம் வந்துவிடுகிறது. அளவுகோல் மாறியதே தவிர, அளக்கிற இடம் மாறவில்லை. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர்களின் எண்ணிக்கைதான் அன்றும் கணக்கு, இன்றும் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

தமிழ்நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் வியாபாரச் செய்தி. தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்கிற நமக்கு அப்படியல்ல. நம்மில் பெரும்பாலோர் தியேட்டரில் பார்த்த தமிழ்ப் படங்களைவிட வீட்டில் பார்த்த தமிழ்ப் படங்களே அதிகம். நமக்கு வீடுதான் தியேட்டர். ஆகவே ‘வீட்டில் பார்க்கிற படம்’ என்றால் தியேட்டரில் பிழிந்தெடுத்த பின் மிஞ்சுகிற சக்கை என்று திரையுலகம் நினைப்பது நம்மை நேரடியாகப் பாதிக்கிற விஷயம். இதைக் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ படத்தை வைத்துப் பேசுவது பொருத்தமாக இருக்கும். வீட்டுக்கும் தியேட்டருக்கும் உள்ள வழக்கு தமிழில் பகிரங்கமாக விசாரணைக்கு வந்தது அந்தப் படத்தில்தான்.

மிச்ச இந்தியா

முதலில் வசூல் என்று சொல்லப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம். தமிழ்ப் பட வியாபாரத்துக்கென்று ஒரு தேசப்படம் உண்டு. அது பூகோளப் புத்தகத்தில் இருப்பதல்ல. சென்னை நகரம் ஒரு ஏரியா. செங்கல்பட்டு ஒரு ஏரியா. வட, தென் ஆற்காடு ஒரு ஏரியா. கோவை, சேலம் தனித்தனி. மதுரை-ராமநாதபுரத்தை எம்.ஆர். என்பார்கள், திருச்சி-தஞ்சாவூரை டி.டி.; திருநெல்வேலி-கன்னியாகுமரியை டி.கே. பிறகு கர்நாடகம், கேரளம், ஆந்திரம். கடல் கடந்தால் மலேசியா, சிங்கப்பூர் நாட்களிலிருந்து வருகிற எஃப்.எம்.எஸ். என்ற உரிமை. இவை எல்லாவற்றையும் விற்று முடித்தபின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: ‘ரெஸ்ட் ஆஃப் இந்தியா’. அந்த மிச்ச இந்தியாதான் நாம். தில்லி, மும்பை, கொல்கத்தா, போபால், ராஞ்சி எல்லாம் சேர்ந்து ஒரே வரி.

ஏரியாக்களை விற்பதிலும் முறைகள் உண்டு. அவுட்ரேட் என்றால் மொத்தமாக ஒரு தொகைக்கு உரிமையைக் கொடுத்துவிடுவது. எம்.ஜி., அதாவது மினிமம் கியாரண்டி என்றால் விநியோகஸ்தர் குறைந்தபட்சத் தொகையைத் தந்துவிட்டு, அதற்கு மேல் வருவதைப் பங்கு பிரிப்பது. மூன்றாவது, அட்வான்ஸ் கொடுத்து, கமிஷன் எடுத்துக்கொண்டு, மீதியைக் கணக்குக் காட்டுவது. பத்திரிகைகளில் வருகிற ‘வசூல்’ என்பது ரசிகர் கொடுத்த மொத்தப் பணம். அதில் வரி போகும்; தியேட்டர் பங்கு போகும்; விநியோகஸ்தர் செலவு போகும். மிஞ்சுகிற ‘ஷேர்’தான் உண்மையான வருமானம். நூறு கோடி வசூல் என்றால் தயாரிப்பாளர் கையில் நூறு கோடி என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த நூறு கோடியையும் நடுநிலையாகத் தணிக்கை செய்து வெளியிடுகிற பொது அமைப்பு எதுவும் தமிழ்த் திரையுலகில் இல்லை. தயாரிப்பாளர் சொல்வது ஒன்று, விநியோகஸ்தர் சொல்வது ஒன்று, ரசிகர் மன்றம் சொல்வது மற்றொன்று.

காசெட் காலம்

இந்தத் தேசப்படத்தில் ஒரு வரியாக இருந்த நமக்குப் படம் எப்படி வந்தது? பெரிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. அதுவும் யாராவது ஒருவர் பெட்டியை வரவழைத்து, ஒரு தியேட்டரைக் காலை வேளைக்கு வாடகைக்கு எடுத்தால்தான். தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகல் மாநில மொழிப் படம் போடுவார்கள். மற்ற மொழிகளெல்லாம் முறை வைத்து முடிந்து தமிழ் வருவதற்குப் பல வாரங்கள் ஆகும். வருவதும் பெரும்பாலும் விருது வாங்கிய படமாக இருக்கும். அடிதடிப் படம் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகள் தூங்கிப்போவார்கள்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கூடவே வி.சி.ஆரும் பெருகிற்று. அதன்பின் தமிழ்க் குடும்பங்கள் திரண்டிருந்த பகுதிகளில் எல்லாம் காசெட் கடை முளைத்தது. சனிக்கிழமை இரவுக்கு வி.சி.ஆரை வாடகைக்கு எடுத்து, மூன்று காசெட்டுகளையும் சேர்த்து வாங்கி, நாலைந்து குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி, விடிய விடியப் பார்த்த காலம் நம் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 1986இல் வந்த ‘விக்ரம்’ போன்ற படங்கள் நம்மில் பலரை எட்டியது இந்த வழியில்தான். அதன் கதையை எழுதிய சுஜாதா தில்லியில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர் என்பதில் தில்லிக்காரர்களுக்குத் தனிப் பெருமை வேறு.

அந்தக் காசெட்டுகளில் எது முறையாக உரிமை பெற்றது, எது திருட்டுப் பிரதி என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. தெரிய வைக்கிற முயற்சியையும் யாரும் செய்யவில்லை. கொடுத்த வாடகையில் ஒரு பைசாவாவது கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்ததா என்பது சந்தேகம். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பணமும் கொடுத்தார்கள், ஆனால் கணக்கு இல்லை. பிறகு வி.சி.டி. வந்தது. ‘திருட்டு வி.சி.டி.’ என்ற சொல் தமிழ் அகராதியில் ஏறாத குறையாகப் பரவியது. 2004இல் தமிழக அரசு வீடியோ திருடர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. தண்டனை கூடியது, திருட்டு குறைந்ததா என்பது வேறு கதை.

சட்டத்தைவிட நல்ல மருந்து ஒன்றைச் சில ஆண்டுகள் கழித்து மோசர் பேயர் நிறுவனம் காட்டியது. உரிமை பெற்ற வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கடைகளில் வைத்தது. திருட்டுப் பிரதியின் விலைக்கே நல்ல பிரதி கிடைத்தபோது மக்கள் நல்லதைத்தான் வாங்கினார்கள். ‘ஜனங்களுக்கு ஓசியில் பார்க்கத்தான் பிடிக்கும்’ என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு அந்தச் சில ஆண்டுகளே சாட்சி. ஆனால் அவை பெரும்பாலும் பழைய படங்கள். புதுப் படம் வேண்டுகிறவர் அப்போதும் நடைபாதைக் கடையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2013 ஜனவரி

இந்த நிலைமையில்தான் ‘விஸ்வரூபம்’ வந்தது. கமல்ஹாசனே எழுதி, இயக்கி, நடித்து, தயாரிப்பிலும் பங்கேற்ற உளவுப் பின்னணி ஆக்‌ஷன் படம். செலவு சுமார் 95 கோடி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இந்தப் படத்தைத் தியேட்டரில் வெளியிடுவதற்கு முந்தைய இரவு, 2013 ஜனவரி 10 அன்று, டி.டி.எச். வழியாக வீடுகளில் ஒரு காட்சி காட்டப் போவதாகக் கமல் அறிவித்தார். கட்டணம் ரூ.1000. மறுநாள் 11ஆம் தேதி தியேட்டர்களில் வெளியீடு.

தமிழ்நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது. வீட்டில் பார்த்த படத்தை யார் தியேட்டரில் வந்து பார்ப்பார்கள் என்று திரையரங்க உரிமையாளர்கள் கேட்டார்கள்; படத்தைத் திரையிட மாட்டோம் என்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் வரிசை தலைகீழானது: தியேட்டர் ஜனவரி 25, டி.டி.எச். பிப்ரவரி 2. அதற்குள் வேறொரு புயல் வந்தது. சில முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி, தமிழக அரசு படத்துக்கு 15 நாள் தடை விதித்தது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடையை நீக்க, மறுநாளே அமர்வு மீண்டும் தடை போட, சொத்தை எல்லாம் அடகு வைத்துப் படம் எடுத்ததாகச் சொன்ன கமல், நாட்டை விட்டே போக நேரிடலாம் என்று மனம் நொந்து பேசியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். சில இடங்களை நீக்கவும் ஒலியை அடைக்கவும் உடன்பாடு கண்டு, பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானது. தடையின் நியாய அநியாயம் இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல.

நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஜனவரி 25ஆம் தேதியே கேரளத்தில் படம் வெளியானதும் கோவைப் பக்கத்து ரசிகர்கள் எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். தமிழ்ப் படத்தைப் பார்க்கத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே போன விசித்திரம் அது. நாம் ஆண்டு முழுதும் படுகிற பாட்டை அவர்கள் இரண்டு வாரம் பட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தடைப் புயலில் எல்லோரும் மறந்துபோன விஷயம்: தியேட்டருக்கு முன்பாக வீட்டில் காட்டுகிற அந்தச் சோதனை நடக்கவே இல்லை. வழக்கு பதிவாயிற்று, வாதம் நடந்தது, சாட்சி விசாரிக்கப்படாமலே மூடப்பட்டது.

ஆயிரம் ரூபாய் அதிகமா?

அந்த ரூ.1000 பற்றி அப்போது சென்னையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. சென்னை மல்டிபிளெக்ஸில் அப்போது அதிகபட்ச டிக்கெட் ரூ.120. ஆயிரம் ரூபாய்க்கு எட்டுப் பேர் போய்விட்டு வரலாம். அதே நாட்களில் தில்லியிலும் மும்பையிலும் வார இறுதியில் ஒரு டிக்கெட் 250, 300 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட்டே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆட்டோவும் பாப்கார்னும் தனி. நமக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஆடம்பரமாக இருந்திருக்காது. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் லாபமே. அந்த ஆயிரத்துக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் மயிலாப்பூரில் இல்லை. மயூர் விஹாரில் இருந்தார்கள். அதை அங்கே யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

திரையரங்க உரிமையாளர்களின் வாதத்தை அப்படியே தள்ளிவிடவும் கூடாது. ஊரில் இடம் வாங்கி, கட்டடம் கட்டி, புதிதாக வந்த டிஜிட்டல் கருவிக்கும் ஒலி அமைப்புக்கும் கடன் வாங்கியவர் அவர். முதல் மூன்று நாள் கூட்டத்தை வைத்துத்தான் மாதச் சம்பளம் கொடுக்கிறார். முந்தைய இரவே ஒரு நல்ல பிரதி வீட்டுக்குள் போனால், விடிவதற்குள் அது வட்டில் ஏறி நடைபாதைக்கு வந்துவிடும் என்று அவர் பயந்ததில் அர்த்தம் உண்டு. முதல்நாள் கூட்டத்தின் விசிலும் ஆரவாரமும் இல்லாமல் தமிழ்ப் படம் இல்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் அவருடைய நஷ்டக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. டி.டி.எச்.சில் பார்க்கிற ஒவ்வொரு வீட்டையும் அவர் தன் தியேட்டரிலிருந்து பறிபோன வீடாக எண்ணினார். ஜாம்ஷெட்பூரில் ஒரு குடும்பம் வீட்டில் பார்ப்பதால் மதுரையில் எந்தத் தியேட்டரில் ஒரு நாற்காலி காலியாகும்? பிலாயில் வேலை பார்ப்பவர் படம் பார்க்கத் திருச்சிக்கா ரயில் ஏறப் போகிறார்? நம்மால் ஒரு டிக்கெட்கூட அவர்களுக்குக் குறைந்ததில்லை. நாம் அவர்களுடைய வாடிக்கையாளராக இருந்தால்தானே குறைவதற்கு?

அதே மாதம், கடலுக்கு அப்பால்

இங்கே இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே 2013 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. ‘ட்ரெட்’ என்று ஓர் ஆக்‌ஷன் படம். முந்தைய செப்டம்பரில் தியேட்டர்களுக்கு வந்து படுத்துவிட்டது. உலகம் முழுவதும் சேர்த்து சுமார் 4 கோடி டாலர்தான் வசூல். செலவுக்கும் விளம்பரத்துக்குமே அது போதாது. தியேட்டர் தீர்ப்புப்படி தோல்விப் படம். ஜனவரியில் டிஸ்க்காகவும் இணையத்தில் விலைக்கும் வந்தபோது, முதல் வாரத்திலேயே சுமார் ஏழரை லட்சம் பிரதிகள் விற்று, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று.

அந்த விற்பனையால் இரண்டாம் பாகம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு விற்பனை மந்திரக்கோல் அல்ல. ஆனால் ஒன்று நடந்தது. அந்தப் படத்தை யாரும் இன்று வெறும் தோல்விப் படம் என்று சொல்வதில்லை. ‘தியேட்டரில் தவறவிட்டோம், வீட்டில் கண்டுகொண்டோம்’ என்று பேசுகிறார்கள். அப்படிப் பேச முடிவதற்குக் காரணம், தியேட்டருக்கு ஒரு பட்டியல் இருப்பதுபோல வீட்டுக்கும் அங்கே ஒரு பட்டியல் இருந்தது, எண்ணினார்கள், வெளியிட்டார்கள். நமக்கோ ‘விஸ்வரூபம்’ தியேட்டரில் எவ்வளவு வசூலித்தது என்பதற்கே நான்கு பேர் நான்கு தொகை சொல்கிறார்கள். எத்தனை வீடுகள் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தன என்பதை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

அதற்குப் பின் வந்தவை

2015இல் இயக்குநர் சேரன் ‘சினிமா டு ஹோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தம் படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்கு அனுப்பினார். எண்ணம் நல்லது, நீடிக்கவில்லை. வட்டின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

2020இல் கொரோனா தியேட்டர் கதவைச் சாத்தியதும் ஏழு ஆண்டுகளாக ‘கூடவே கூடாது’ என்றிருந்தது ஒரே நாளில் நடைமுறையாயிற்று. மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தது, அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் படங்களையே இனித் திரையிட மாட்டோம் என்று தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2021 ஜூனில் தனுஷ் நடித்த ‘ஜகமே தந்திரம்’ என்ற அடிதடிப் படம் தியேட்டரையே பார்க்காமல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அது வெற்றியா தோல்வியா? தியேட்டர் வசூல் என்று ஒரு ரூபாய்கூட இல்லை. வீட்டுக் கணக்கை அந்த நிறுவனம் இத்தனை வீடு என்று நமக்குச் சொல்லவில்லை. ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்கிறோம்.

நம் வாதத்துக்கு நல்ல சாட்சி ‘மாஸ்டர்’. விஜய் நடித்த அந்த ஆக்‌ஷன் படம் 2021 ஜனவரி 13 அன்று பொங்கலுக்கு வெளியானது. கொரோனா கட்டுப்பாட்டால் தியேட்டரில் பாதி நாற்காலிதான். பதினாறாம் நாள், ஜனவரி 29 அன்று, வீட்டுக்கே வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிற படம் என்றாலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த தியேட்டர்களுக்குக் கூட்டத்தைத் திரும்ப அழைத்து வந்தது அந்தப் படம்தான். 2022இல் கமலே நடித்த புதிய ‘விக்ரம்’ ஜூன் 3 அன்று தியேட்டருக்கும் ஜூலை 8 அன்று வீட்டுக்கும் வந்தது. ஐந்தே வார இடைவெளி. தியேட்டரில் அமோக வெற்றி. தியேட்டருக்குப் போகிறவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். போக முடியாதவர்தான் வீட்டில் பார்க்கிறார். 2013இல் கேட்ட கேள்விக்கு ஒன்பது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் இது.

ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது அதன் ஹிந்தி வடிவத்தை நாட்டின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. ஓ.டி.டி.க்குப் போக எட்டு வாரம் இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. படமோ அதற்கு முன்பே வீட்டுக்கு வருவதாக ஒப்பந்தம். தியேட்டரா வீடா என்ற சண்டை வரும்போதெல்லாம் முதலில் அடிபடுவது தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிற ஊர்கள்தான் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

படம் வருகிறது, மொழி வருகிறதா?

‘இப்போதுதான் எல்லாத் தமிழ்ப் படமும் வடக்கே வருகிறதே, இன்னும் என்ன குறை?’ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வருவது படம், தமிழ் அல்ல. தில்லி, மும்பை, புனே போன்ற பெருநகரங்களில் பெரிய நடிகர் படம் என்றால் தமிழிலேயே சில காட்சிகள் உண்டு. கான்பூரிலும் ராய்ப்பூரிலும் ராஞ்சியிலும் வருவது பெரும்பாலும் ஹிந்தி வடிவம். சுவரொட்டியில் நம் நடிகர். திரையில் யாரோ ஒருவர் குரல்.

எங்கள் குடியிருப்பில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து மகனோடு இருக்கிற ஒரு மாமி உண்டு. வயது எண்பதை நெருங்குகிறது. பேரன் ஆசையாக அவரை மல்டிபிளெக்ஸுக்குக் கூட்டிப் போனான். திரும்பி வந்த மாமியிடம் “படம் எப்படி மாமி?” என்று கேட்டேன். “படத்துக்கென்ன, நன்னாத்தான் இருந்தது. ஆனா நம்மாத்து மனுஷா எல்லாம் ஏன் வேத்து மனுஷா மாதிரிப் பேசறா?” என்றார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாமியாவது தமிழைத் தெரிந்துகொண்டு வந்தவர். பேரனைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் அவன் அ, ஆ எழுதப் படிக்கிறான். வீட்டில் அம்மாவோடும் அப்பாவோடும் நாலு வார்த்தை பேசுகிறான். ஆனால் கோபத்தில் தமிழன் எப்படிப் பேசுவான், கேலி செய்வது எப்படி, மதுரைப் பேச்சு எப்படி, சென்னைப் பேச்சு எப்படி என்பதெல்லாம் அவன் காதில் விழுவது படத்தில்தான். அதிலும் அந்த வயதுப் பையன்கள் விரும்பிப் பார்ப்பது குடும்பப் படத்தை அல்ல. துப்பாக்கியும் துரத்தலும் உள்ள படத்தை. அந்தப் படம் அவனுக்கு ஹிந்தியில் மட்டும் கிடைத்தால் அவன் தமிழை இழக்கிறான் என்று சொல்வது மிகையல்ல. மூலத் தமிழ் ஒலி சின்ன ஊர்களில் கிடைக்கிற ஒரே இடம் வீடு. ஆகவே வீட்டு வெளியீடு நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

என்ன கேட்கலாம்?

நாம் ஒன்றும் ஓசியில் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இதுதான்: எந்த ஊரில் ஒரு படத்தின் தமிழ் வடிவம் தியேட்டரில் ஓடவில்லையோ, அந்த ஊர்களுக்கு முதல் நாளே வீட்டில் கட்டணக் காட்சி வேண்டும். பின்கோடு பார்த்து உணவு அனுப்புகிற காலத்தில் பின்கோடு பார்த்துப் படம் அனுப்ப முடியாதா? டி.டி.எச். நிறுவனத்திடம் நம் வீட்டு விலாசம் இருக்கிறது, ஓ.டி.டி. நிறுவனத்துக்கு நாம் எந்த ஊரிலிருந்து பார்க்கிறோம் என்று தெரியும். மதுரைத் தியேட்டருக்கு ஒரு பைசா நஷ்டமில்லாமல் பிலாயிலிருந்து தயாரிப்பாளருக்குப் பணம் போகும்.

திருட்டுப் பிரதி எடுத்துவிடுவார்களே என்றால், தியேட்டரிலிருந்து எடுக்காமலா இருக்கிறார்கள்? எந்தப் பெட்டியிலிருந்து பிரதி கசிந்தது என்று கண்டுபிடிக்கக் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தைப் படத்திலேயே பதிக்கிற தொழில்நுட்பம் இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் உண்டு. கருவியும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் பார்த்தவர்களின் கணக்கு வெளியே வர வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் 2023 டிசம்பரில் தன் படங்கள் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் எந்த ஊரில், எந்த மொழி ஒலியில் பார்த்தார்கள் என்பது அதில் இல்லை. நமக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். நாக்பூரில் எத்தனை வீடு தமிழில் பார்த்தது என்று தெரிந்தால், அடுத்த படத்துக்கு அங்கே ஒரு தியேட்டர் காட்சி வைக்கலாமே என்று விநியோகஸ்தருக்கும் தோன்றும். வீட்டுக் கணக்கு தியேட்டருக்கு எதிரியல்ல, வழிகாட்டி.

மூன்றாவது நம் பங்கு. ஒரு புதுப் படம் வந்தால் மறுநாள் காலையில் அதன் திருட்டு இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சங்கத்தின் பெயரில் உள்ள குழுக்களில் அது வரக்கூடாது என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் நல்லது. பொங்கலுக்கோ தமிழ்ப் புத்தாண்டுக்கோ சங்கத்தில் படம் போட்டால் உரிமையாளரின் அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி, ரசீதோடு போட வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். முதல் நாள் கட்டணக் காட்சி வந்தால் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு வரை கொடுக்கத் தயார் என்று உறுப்பினர்களிடம் ஒரு சிறிய படிவம் வாங்கலாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இப்படி வாங்கி, எல்லாவற்றையும் தொகுத்துத் தயாரிப்பாளர் சங்கத்துக்கு அனுப்பினால், ‘ரெஸ்ட் ஆஃப் இந்தியா’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் எத்தனை ஊர், எத்தனை வீடு என்று முதல் முறையாக அவர்களுக்குத் தெரியவரும்.

2013இல் ஒரு நடிகர் தம் சொத்தைப் பணயம் வைத்து எழுப்பிய கேள்விக்கு, பதில் சொல்லத் தகுதியுள்ள சாட்சிகள் நாம்தான். நம்மை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை காத்திருக்காமல் நாமே போய்ச் சாட்சி சொல்லலாம். படிவத்தை நம் சங்கமே முதலில் அச்சடிக்கட்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.